வெல்லம் மாறியதா, வாய் மாறியதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டரில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கணவர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலி. ஒன்றரை ஏக்கரில் வேர்க்கடலை. வீட்டில் எழுபதைத் தாண்டிய மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள்.

மாமியார் ஒரு காலத்தில் கமர்கட்டும் கடலை உருண்டையும் செய்து கூடையில் எடுத்துப்போய் விற்றவர். ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்தம்மன் கோயில் திருவிழாவில் நாலு ஞாயிறும் கடை. பேரப் பிள்ளைகள் அஞ்சு ரூபாய் சாக்லேட் வாங்கித் தின்பதைப் பார்த்துப் பார்த்து, "ஆயா செஞ்சு தரேன், தின்னுட்டுச் சொல்லுங்க" என்று ஒருநாள் அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் ஆயாவுக்கே பிடிக்கவில்லை. "அந்த ருசி வரலம்மா. அந்த வெல்லம் இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் கடிதம் வந்திருக்காது. மகளிர் குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கி, 40 கிலோ வெல்லம் வாங்கி, ஐப்பசியில் கடலை மிட்டாய் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் கொடுத்திருக்கிறார் மருமகள். மழை பிடித்தது. நாலாம் நாள் மிட்டாயெல்லாம் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் 25 கிலோ வெல்லம் மீதி. 40 கிலோ மூட்டையாக எட்டு மூட்டை கடலை மீதி. குழுக் கடனுக்கு மாதத் தவணை. வியாபாரி வாசலில் நிற்கிறார். "எட்டு மூட்டையையும் போட்டுவிடட்டுமா, மிட்டாய்க்கு வைத்துக்கொள்ளட்டுமா? அத்தை சொல்வதுபோல வெல்லம்தான் மாறிவிட்டதா, இல்லை எங்கள் கைப்பக்குவம் போதவில்லையா?" என்பது கேள்வி.

முதலில் அத்தை சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி.

ஐம்பது வருடத்துக்கு முன் கொட்டகையில் காய்ச்சிய வெல்லம் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது வெண்டைச்செடித் தண்டை இடித்து, அந்த வழுவழுப்பை ஊற்றுவார்கள். அழுக்கு திரண்டு மேலே வரும், வழித்து எறிவார்கள். நிறத்தைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. பிறகு மஞ்சளாக, பளபளப்பாக இருந்தால்தான் நல்ல விலை என்று சந்தை மாறியது. அதற்காக ஹைட்ரோஸ் என்ற சோடியம் ஹைட்ரோசல்பைட்டைச் சாற்றில் தூவும் பழக்கம் வந்தது. கந்தகம் கலந்த வெளுப்பான் அது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த அளவைப் பார்த்தா ஒவ்வொரு கொட்டகையிலும் தூவுகிறார்கள்? இதில் காய்ச்சுகிறவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கறுப்பு வெல்லத்துக்கு மூட்டைக்கு இவ்வளவு குறைத்துக்கொள் என்று மண்டியில் கேட்டால் அவர் என்ன செய்வார்?

ஹைட்ரோஸ் போட்ட வெல்லம் வந்தவுடன் அழகாக இருக்கும். நாளாக ஆக நிறம் மங்கும். காய்ச்சும்போது கருகலோடு சேர்ந்து எழும் அந்தப் பழைய மணம் அதில் குறைவு. கமர்கட்டின் ருசியே அந்த மணம்தான். தேங்காயும் வெல்லமும் தவிர அதில் வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றையும் அத்தையிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் அந்தக் காலத்தில் கமர்கட்டுக்குப் போட்டது கரும்பு வெல்லமா, கருப்பட்டியா? பொன்னேரி, பழவேற்காடு பக்கமெல்லாம் வரப்பு முழுக்கப் பனை நின்ற காலம் அது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 லிட்டர் பதநீர் காய்ச்ச வேண்டும். ஏறுகிற ஆள் குறைந்தார், மரங்கள் செங்கல் சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் போயின. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல்தான் தமிழக அரசு அறிவித்தது. அதற்குள் எத்தனையோ வரப்பு மொட்டையாகிவிட்டது. இன்று கடையில் கருப்பட்டி என்று விலை குறைவாகக் கிடைப்பதில் பலது சீனிப்பாகு கலந்தது. ஆக, அத்தையின் நாக்கு பொய் சொல்லவில்லை.

வாயும் மாறியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வருடத்தில் பத்து நாள் இனிப்பு தின்ற வாய்க்கும், தினமும் டீயும் பிஸ்கட்டும் கண்ட வாய்க்கும் ஒரே கமர்கட் ஒரே ருசி தராது. பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ற நாளில், காலணாவுக்கு இரண்டு கமர்கட் என்பது அரைநாள் சந்தோஷம். ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை கரையாது.

பழைய மிட்டாய் எல்லாமே உத்தமம் என்று நினைத்துவிடவும் கூடாது. தேன் மிட்டாயில் தேன் ஒரு சொட்டும் கிடையாது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைப் பொரித்துச் சீனிப்பாகில் ஊற வைப்பது அது. அந்தச் சிவப்பு வெளியிலிருந்து போடும் சாயம். கம்பத்தின் உச்சியில் பொம்மை கைதட்ட, கைக்கடிகாரமாகவும் மயிலாகவும் இழுத்துச் சுற்றிக் கொடுத்த ஜவ்வு மிட்டாயிலும் ரோஜா நிறம் உண்டு. என்ன சாயம் என்று அன்று யாரும் கேட்டதில்லை. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயைப் பரிசோதித்தபோது அதில் துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் ரோடமைன் பி இருந்தது. புதுச்சேரி தடை செய்தது, அடுத்து தமிழ்நாடும் தடை செய்தது. எனவே வாசகி மறுபடியும் அடுப்பைப் பற்ற வைப்பதானால், நிறம் போடும் பண்டம் எதையும் தொட வேண்டாம். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட், பொரி உருண்டை, இவற்றோடு நிற்கட்டும். இவற்றுக்குச் சாயம் தேவையில்லை.

அடுத்து, மிட்டாய் ஏன் கசிந்தது என்ற கேள்வி. இங்கேதான் பணம் போயிருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

வெல்லத்தில் இருப்பதெல்லாம் ஒரே சர்க்கரை அல்ல. பெரும்பகுதி கரும்புச் சர்க்கரை. ஒரு பகுதி அது உடைந்து உண்டான குளுக்கோஸ், பிரக்டோஸ். இந்த உடைந்த சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். வெட்டி நாலைந்து நாள் கிடந்த கரும்பிலோ, முற்றிப்போன கரும்பிலோ, சாய்ந்த கரும்பிலோ காய்ச்சிய வெல்லத்தில் இது அதிகம். உப்பு மண்ணில், உப்புத் தண்ணீரில் விளைந்த கரும்பு வெல்லமும் சரியாகக் கட்டாது, சீக்கிரம் நீர்க்கும். ஐப்பசி மாதத்தில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் முந்தின பருவத்துப் பழைய வெல்லம். அதுவே ஏற்கனவே ஈரம் குடித்திருக்கும். கும்மிடிப்பூண்டியோ கடலோரம், பழவேற்காடு ஏரிக்காற்று வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தக் கைப்பக்குவமும் தோற்கும்.

கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது. பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சம்பழம் அரை மூடி பிழிந்ததாக எழுதியிருக்கிறார். அதிரசப் பாகுக்கு யாரோ சொன்ன யோசனையாக இருக்கும். புளிப்பு சேர்ந்தால் கரும்புச் சர்க்கரை இன்னும் உடையும். கசிவு இன்னும் கூடும். மழைக்காலக் கடலை மிட்டாய்க்கு எலுமிச்சை வேண்டவே வேண்டாம்.

பதம் இன்னொரு விஷயம். உருட்டுப் பதத்தில் இறக்கினால் அன்றைக்கு நன்றாக இருக்கும், மறுநாள் நெகிழும். கடலை மிட்டாய்க்கு அதைத் தாண்டிப் போக வேண்டும். ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். வெப்பமானி இருந்தால் 145 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அந்த இடத்திலிருந்து கருகுவதற்கு அரை நிமிடம்தான். அதனால் பயந்து முன்னாலேயே இறக்கிவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு, கடலையைப் பக்கத்திலேயே சூடாக வைத்திருந்தால் பயம் வேண்டாம். ஆறிப்போன கடலையைக் கொட்டினால் பாகு உடனே இறுகி, கடலை ஒட்டாமல் நிற்கும்.

வெல்லத்தை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, மண் தெளிய விட்டுத்தான் காய்ச்ச வேண்டும். கண்ணாடித் தம்ளரில் ஒரு துண்டைக் கரைத்துப் பார்த்தால் சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். வாங்கும்போதே கரும்பழுப்பாக, உடைத்தால் உள்ளே ஈரம் இல்லாமல் இருக்கும் வெல்லத்தை, தை மாசிப் புது வெல்லமாகப் பார்த்து வாங்கி, காற்றுப் புகாத தகர டின்னில் மூடி வைத்தால் ஆடி வரை தாங்கும்.

துண்டு போட்ட மிட்டாய் முழுக்க ஆற வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே காகிதத்தில் சுற்றினால் உள்ளே வியர்க்கும். மழை பெய்கிற நாளில் ஆற வைத்தால் அதுவே காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். அந்த நாள் அடுப்பைப் பற்ற வைக்காமல் இருப்பதே மேல். மெல்லிய பாலித்தீன் உறை போதாது, கனமான உறையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்துப் பெட்டிக்கடைக்காரர் கண்ணாடி ஜாடியில் போட்டு மூடியை இறுக்கித் திருகி வைத்தது ஆடம்பரத்துக்கு அல்ல.

கடலை விஷயத்தில் ஒரு கண்டிப்பு. 'மிட்டாய்க்குத்தானே' என்று சுருங்கியது, உடைந்தது, கறுத்தது எல்லாவற்றையும் போடுவது பல இடத்தில் நடக்கிறது. பூஞ்சணம் பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அது. வறுத்தாலும் முழுக்கப் போகாது. பாகில் முங்கிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பருப்பைப் பொறுக்கிக் குழியில் புதைத்துவிட வேண்டும். மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கும். பிடுங்கியவுடன் செடியைக் கவிழ்த்து, காய் மேலே இருக்கும்படி உலர்த்தி, காயைக் குலுக்கினால் கலகலவென்று பருப்பு ஆடும்வரை காய வைத்து, அதாவது ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகு, சாக்கில் கட்டினால் இந்தப் பூஞ்சணம் அண்டாது. தோலோடு வைத்திருப்பதே நல்லது. மிட்டாய் போடும் நாளுக்கு முந்தின நாள் உடைத்துக்கொள்ளலாம்.

இனி எட்டு மூட்டைக் கணக்கு.

வாசகி எழுதிய விலையையே வைத்துக்கொள்வோம். பருப்பு கிலோ 120, வெல்லம் 60. பத்து கிலோ பருப்பை வறுத்துத் தோல் நீக்கினால் 9 கிலோ நிற்கும். ஆறு கிலோ வெல்லம் சேர்த்தால் 14 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மிட்டாய். இருபது கிராம் துண்டாகப் போட்டு, உடைந்தது போக 700 துண்டு. கடைக்காரர் ஐந்து ரூபாய்க்கு விற்றால் இவர்களுக்குக் கொடுப்பது மூன்றரை ரூபாய். வரவு 2,450. செலவு பருப்பு 1,200, வெல்லம் 360, எரிபொருளும் உறையும் சேர்த்து 250; மொத்தம் 1,810. மிச்சம் 640 ரூபாய். மாமியாரும் மருமகளும் ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்றதற்கு ஆளுக்கு 320. ஒரு நாள் சரக்கு கசிந்து திரும்பினால் மூன்று நாள் உழைப்பு போய்விடும்.

பள்ளிக்கூடத்துக் கடையை நம்பி இந்த வேலையில் இறங்கினால் இவ்வளவுதான். அந்தக் கடை மேசையில் இவர் யாரோடு போட்டி போடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். தடாவைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கே 2016-ல் மாண்டலீஸ் நிறுவனம் கேட்பரி சாக்லேட்டுக்குப் பெரிய ஆலை திறந்தது. தெற்கே திருவள்ளூர் மாவட்டத்து நேமத்தில் 2010-ல் லாட்டே நிறுவனம் சோக்கோ பை ஆலை தொடங்கியது. அந்த லாட்டே 2004-ல் வாங்கியதுதான் நெல்லிக்குப்பத்தில் 1914-ல் தொடங்கிய பாரி மிட்டாய்க் கம்பெனி. ஆயா வயதுக்காரர்கள் பழைய ருசி என்று சொல்கிற பாரி மிட்டாயும் ஆலையிலிருந்து வந்ததுதான். அவர்களோடு அஞ்சு ரூபாய்ப் பண்டத்தில் மோத முடியாது.

ஆனால் அவர்கள் எட்டாத இடங்கள் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. சிறுவாபுரி முருகன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் சென்னையிலிருந்து வருகிற கூட்டம் வாசகிக்குத் தெரியாததல்ல. வீட்டுக்குப் போகும்போது ஏதாவது வாங்கிப்போகிற கூட்டம் அது. அவர்களுக்கு அஞ்சு ரூபாய்த் துண்டு வேண்டாம். கால் கிலோ பொட்டலம் போதும். நடுவில் கடைக்காரர் இல்லாவிட்டால் அந்த ஒன்றரை ரூபாயும் கையில் நிற்கும். ஆடியில் பெரியபாளையம் இருக்கவே இருக்கிறது. அங்கே அத்தையின் பழைய வாடிக்கை இன்னும் நாலு பேராவது இருப்பார்கள்.

மூன்றாவது இடத்தைப் பலர் யோசிப்பதில்லை. சிப்காட்டில் வேலை செய்கிற பீகார், ஒடிசா இளைஞர்கள். வெல்லத்தில் கடலை போட்ட சிக்கியைத் தின்று வளர்ந்தவர்கள். கடலை மிட்டாய் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து வரும் டீக்கடையில் ஒரு ஜாடி வைத்துப் பார்க்கலாம். நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம். பசியோடு வருகிறவனுக்கு அது வயிற்றுக்கு நிற்கும். (கடலையே தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர்தானே. பிரேசிலிலும் வெல்லத்தில் கடலை போட்டு இதே மிட்டாய் செய்து ஜூன் மாதத் திருவிழாவில் தின்கிறார்கள். ஊர் விட்டு ஊர் போனாலும் இந்த ஜோடி பிரிவதில்லை.)

ஆக, எட்டு மூட்டையில் விதைக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். மிட்டாய் ஆசையில் விதைக் கடலையை உடைத்தவர்கள் உண்டு. பிறகு மூன்று மூட்டையை மட்டும் மிட்டாய்க்கு நிறுத்திக்கொண்டு மற்றதை விற்றுக் குழுக் கடனைக் குறைப்பதுதான் சரி. மூன்று மூட்டையில் 84 கிலோ பருப்பு வரும். எட்டுத் தடவை அடுப்பு பற்ற வைக்கலாம். எட்டுச் செவ்வாய் போதும், இது நடக்குமா நடக்காதா என்று தெரிந்துவிடும். கமர்கட்டை வாரத்துக்கு ஒரு சின்னக் கொப்பரை அளவு மட்டும். தேங்காய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

பொட்டலத்தில் 'கோவில்பட்டி' என்ற பெயரைப் போடக் கூடாது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்தில் செய்கிறவர்களுக்கு மட்டும். தன் ஊர்ப் பெயரையோ ஆயா பெயரையோ போடலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தயாரிப்பாளராகப் பதிவு செய்து, அந்த எண்ணையும், எடை, தயாரித்த தேதி, என்னென்ன சேர்த்தது என்பதையும் அச்சிட வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இது வெறும் சடங்கு அல்ல. வெல்லம் இரும்புச் சத்து, சர்க்கரை நோய்க்கு நல்லது என்றெல்லாம் போட வேண்டாம். வெல்லமும் சர்க்கரைதான்.

எட்டுச் செவ்வாய்க்குப் பிறகும் ஓடினால், அப்போது மேற்கொண்டு முதலீட்டை யோசிக்கலாம். குறுந்தொழில் உணவுப் பதப்படுத்துதலுக்கு 2020-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியமும், மகளிர் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் வைத்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மானியத்தை நம்பி முதலில் இயந்திரம் வாங்கி, பிறகு வாடிக்கையாளரைத் தேடுவது தலைகீழ் வேலை. பக்குவம் பற்றிச் சந்தேகம் இருந்தால் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் மதிப்புக்கூட்டும் பயிற்சி எப்போது என்று விசாரித்து, மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

மீதி 25 கிலோ வெல்லம் பற்றியும் கேட்டிருந்தார். உடைத்து முகர்ந்து பார்க்கட்டும். புளித்த வாடை இல்லாமல் கொஞ்சம் இளகியிருந்தால் மட்டும் வீட்டுப் பலகாரத்துக்கு ஆகும். விற்கிற மிட்டாய்க்கு வேண்டாம். புளித்திருந்தால் வயலுக்குப் போகட்டும். ஒரு ஏக்கருக்கான ஜீவாமிர்தத்துக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண்ணோடு 2 கிலோ வெல்லம் வேண்டும். இவருடைய ஒன்றரை ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 3 கிலோ. பாசனத்தோடு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை விட்டால் எட்டுத் தடவைக்கு வரும்.